ஆஸ்பத்திரியில் தொடங்கிய சத்துப் போத்தலை எப்போது நிறுத்துவது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். லண்டன் ஹரோவில் இருக்கும் 81 வயது அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாளைக்கு இரண்டு போத்தல் ஃபோர்ட்டிசிப் என்கிற சத்துப் பானம் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இரண்டரை வருடமாக ஜி.பி. சேர்ஜரி, அதாவது குடும்ப டொக்டரின் கிளினிக், அதை மாதாமாதம் எழுதித் தருகிறது. இப்போது திடீரென்று "இனி இது தரப்படமாட்டாது" என்று ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. காசு மிச்சம் பிடிக்கத்தானே இதைச் செய்கிறார்கள், விடாமல் கேட்டு வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் லண்டனில் ஜி.பி. சேர்ஜரிகளோடு வேலை செய்கிற டயட்டீஷியன், அதாவது உணவு ஆலோசகர். இதே கேள்வியோடு வருகிற தமிழ்க் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அம்மாவின் நிறையை எடுத்துப் பாருங்கள். இன்றைய நிறை என்ன, ஆஸ்பத்திரியால் வந்தபோது என்ன, விழுவதற்கு முன் என்ன. இந்த மூன்று எண்ணும் தெரியாமல் போத்தலைத் தொடர்வதும் பிழை, நிறுத்துவதும் பிழை. உங்கள் மெசேஜில் நிறையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, சேர்ஜரியின் மெசேஜிலும் இல்லை. எனக்குக் கவலை தருவது அதுதான்.

அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். சாதாரண ஃபோர்ட்டிசிப், என்ஷுவர் பிளஸ் போன்றவை 200 மில்லிலீட்டரில் 300 கலோரி, ஏறக்குறைய 12 கிராம் புரதம், கூடவே விற்றமின்களும் தாதுக்களும். 'கொம்பாக்ட்' என்று வருகிற சின்னப் போத்தல் 125 மில்லிலீட்டரிலேயே அதே 300 கலோரியை அடக்கி வைத்திருக்கிறது. இரண்டு போத்தல் என்றால் 600 கலோரி. 46 கிலோ நிறையுள்ள ஒரு வயதான அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 1,400 கலோரி அளவில் போதும் என்று வைத்தால், அதில் ஐந்தில் இரண்டு பங்கு இந்தப் போத்தல்களிலிருந்தே வந்துவிடுகிறது. சாப்பிட முடியாமல் கிடக்கிறவருக்கு இது பெரிய உதவி. சாப்பிடக் கூடியவருக்கோ இதுவே வயிற்றை நிரப்பி மத்தியானச் சோற்றைத் தள்ளிவைக்கச் செய்துவிடும்.

இங்குள்ள அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ்.ஸின் விதிப்படி இது மருந்து இல்லை. உணவுக்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கிற பொருட்கள் என்று ஒரு தனிப் பட்டியல் இருக்கிறது. ஏ.சி.பி.எஸ். என்கிற ஆலோசனைக் குழு எந்த நிலைமைக்கு இவற்றை எழுதலாம் என்று வரையறுத்திருக்கிறது: நோயால் வந்த ஊட்டக்குறைவு, விழுங்கச் சிரமம், குடல் அழற்சி நோய், சிறுகுடலின் பெரும்பகுதியை வெட்டியெடுத்த நிலை, உணவு குடலில் உறிஞ்சப்படாமை, இரைப்பையை முழுதாக அகற்றிய பிறகு, ஊட்டம் குறைந்தவரைச் சத்திரசிகிச்சைக்குத் தயார்ப்படுத்துவது, இப்படி. "வயது போய்விட்டது, முந்தி மாதிரிச் சாப்பிடுவதில்லை" என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இடுப்பெலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்து, வலியும் மயக்கமுமாகக் கிடந்து நிறையும் இறங்கியிருக்கக் கூடிய உங்கள் அம்மா அன்று அந்தப் பட்டியலுக்குள் சரியாகவே வந்திருப்பார். தொடங்கியது பிழையே இல்லை.

அன்று எப்படிக் கணக்குப் பார்த்திருப்பார்கள் என்று சொல்கிறேன், இதை வீட்டிலேயே செய்யலாம். இங்கே எல்லா இடத்திலும் பாவிப்பது 'மஸ்ட்' என்கிற, ஊட்டக்குறைவைக் கணிக்கிற முறை, 2003இல் வந்தது. பி.எம்.ஐ. (கிலோவில் நிறையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண்) 20க்கு மேல் என்றால் புள்ளி இல்லை, 18.5க்கும் 20க்கும் இடையில் என்றால் 1, அதற்கும் கீழே என்றால் 2. பிறகு, கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாக இறங்கிய நிறை: 5 சதவீதத்துக்குக் குறைவு என்றால் ஒன்றுமில்லை, 5 முதல் 10 வரை 1, 10க்கு மேல் 2. கடும் நோயில் ஐந்து நாளுக்கு மேல் ஒன்றுமே உள்ளே போகாத, போகாது என்று தெரிகிற நிலை என்றால் இன்னொரு 2. கூட்டி 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அபாயம் அதிகம். 152 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 52 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு வந்தார் என்று வையுங்கள். பி.எம்.ஐ. 19.9, அதற்கு 1 புள்ளி. இறங்கியது பதினொன்றரை சதவீதம், அதற்கு 2. மொத்தம் 3, தயக்கமில்லாமல் உதவி வேண்டிய நிலை. அதே ஆள் இன்று 53 கிலோ என்றால் பி.எம்.ஐ. 23 அளவில் இருக்கும், மஸ்ட் கணக்கு பூச்சியம். அவருக்கு இன்னும் மாதம் 56 போத்தல் போய்க்கொண்டிருக்கிறது என்றால் அது யாருக்கு, எதற்கு?

நிறுக்க முடியாதவர் என்றால், நிற்க இயலாமல் கதிரையிலேயே இருக்கிறவர் என்றால், மேற்கையின் நடுச் சுற்றளவை ஒரு தையல் அளவு நாடாவால் எடுங்கள். 23.5 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் பி.எம்.ஐ. 20க்குக் கீழே இருக்கக் கூடும். மோதிரம் கழன்று விழுகிறதா, பல்செட் ஆடுகிறதா, பிளவுஸ் தொளதொளக்கிறதா என்பதும் நல்ல அடையாளங்கள்தான்.

ஒரு ஆஸ்பத்திரிப் போத்தல் இரண்டரை வருடப் போத்தலாக எப்படி மாறுகிறது என்பது எல்லா இடத்திலும் ஒரே கதை. வார்டில் தொடங்குகிறார்கள். வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் மருந்துகளோடு ஒரு வரியாக இதுவும் வருகிறது. எதற்காக, எந்த நிறை வரும் வரைக்கும், யார் திரும்பப் பார்ப்பது என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்காது. சேர்ஜரியில் அதை ரிப்பீட்டில், அதாவது டொக்டரைப் பார்க்காமலே திரும்பத் திரும்ப எடுக்கிற சீட்டில், போடுகிறார்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஆப்பில் ஓடர் பண்ணுகிறீர்கள், பார்மசி கொண்டுவந்து தருகிறது, ஒரு மனிதரும் கேள்வி கேட்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை மருந்துகளைப் பார்க்கிற ஃபோன் கோலில் இரத்த அழுத்தக் குளிசையைப் பற்றிக் கதைப்பார்கள், இதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் மகளோ மருமகளோ வேலையில் நின்றபடி "ஓம், நல்லாச் சாப்பிடுகிறா" என்று சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் என்.எச்.எஸ். இலவசமாக ஒழுங்கு செய்யும், கேளுங்கள். அம்மா தானே தன் வாயால் என்ன சாப்பிட்டேன் என்று சொல்வதும் நாங்கள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

முறையாக நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? தொடங்கும்போதே ஒரு இலக்கு: "50 கிலோ வரும் வரை", அல்லது "காயம் ஆறும் வரை", அல்லது "நிறை இன்னும் இறங்காமல் பிடித்து வைக்க". முதல் கிழமைக்கு வெவ்வேறு சுவைகளில் கொஞ்சமாகக் கொடுத்து எது பிடிக்கிறது என்று பார்ப்பது. நாலு முதல் ஆறு கிழமைக்குள் ஒருமுறை நிறுப்பது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது இலக்கை அடைந்தோமா, போத்தலைக் குடிக்கிறாரா, சாப்பாடு எப்படி என்று பார்ப்பது. இலக்கு வந்ததும் குறைத்து நிறுத்துவது. உங்கள் அம்மாவுக்கு இதில் எதுவும் நடக்கவில்லை. இவ்வளவு காலமும் ஒருவரும் எட்டிப் பார்க்காமல், கடைசியில் நிறுத்த மட்டும் மெசேஜ் வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும். அந்தக் கோபம் நியாயமானது.

காசு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஆம், காசும் ஒரு காரணம். ஆஸ்பத்திரிகளுக்கு இந்தப் போத்தல்களைக் கொம்பனிகள் மிகக் குறைந்த ஒப்பந்த விலைக்குக் கொடுக்கின்றன, வெளியில் வந்து பார்மசி வழியாகப் போகும்போது என்.எச்.எஸ். முழு விலை கட்டுகிறது. அதனால் வார்டில் எந்தப் பெயரில் தொடங்கினார்களோ அதுவே வெளியில் வருடக்கணக்கில் ஓடுகிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு மருந்துச்சீட்டு இலவசம் என்பதால் வீட்டுக்கு அந்த விலை தெரிவதே இல்லை. 2022 ஜூலையிலிருந்து இங்கிலாந்தில் ஒவ்வொரு பகுதியின் செலவையும் பார்க்கிற ஐ.சி.பி. சபைகளின் மருந்துக் குழுக்கள் இந்தப் பட்டியலைத் தோண்டிப் பார்ப்பது உண்மை. பாலில் கரைத்துக் குடிக்கிற தூள் பக்கெட்டுகளுக்கு, ஏமிஸ் ஷேக், ஃபூட்லிங்க் மாதிரியானவைக்கு, மாற்றச் சொல்வதும் அதனால்தான், அவை போத்தலை விடக் கணிசமாக மலிவு, சத்தும் குறைவில்லை. இதையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன். உபயோகமில்லாத போத்தலுக்குப் போகிற காசு ஒரு நேர்ஸின் நேரத்துக்குப் போனால் நல்லதுதான். ஆனால் ஆளைப் பார்க்காமல், நிறுக்காமல், சிஸ்டத்தில் தேடி எடுத்த பெயர்ப் பட்டியலை வைத்து மெசேஜ் அனுப்புவது பராமரிப்பு இல்லை. அதை நான் வேலை செய்கிற இடங்களிலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தப் பானங்கள் வேலை செய்கின்றனவா என்றால், சரியான ஆளுக்குச் செய்கின்றன. வயதானவர்களில் செய்த அறுபதுக்கு மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு ஆய்வு, மருத்துவ ஆதாரங்களைத் திரட்டி மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பினுடையது, 2009இல் வந்தது. நிறை சராசரியாக இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது, அது சின்ன அளவு ஆனாலும் நிலையானது. மரணம் குறைந்தது என்று சொல்லக்கூடிய பலன் தெரிந்தது ஏற்கெனவே ஊட்டம் குறைந்தவர்களில்தான், நல்லாக இருந்தவர்களில் இல்லை. அந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை கிழமைகளும் சில மாதங்களும்தான் ஓடின. நிறை சரியாகிவிட்ட ஒருவர் மூன்றாவது வருடமும் குடித்தால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பதற்கு அதில் ஆதாரம் தேடாதீர்கள்.

அதே நேரம் நீண்ட காலம் குடிப்பதால் வருகிற தொந்தரவுகள் சிலவற்றை எங்கள் சனங்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். சீனி வருத்தம் உள்ள அம்மாமார், அப்பாமார். கடந்த சில மாதச் சீனி அளவைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. ஏறிக்கொண்டே போகிறது, டொக்டர் குளிசையைக் கூட்டுகிறார், ஒருவருக்கும் நாளைக்கு இரண்டு போத்தல் போவது ஞாபகம் இல்லை. பழச்சாறு மாதிரித் தெளிவாக வருகிற வகைகள் இதில் இன்னும் மோசம், கொழுப்பு இல்லாமல் சீனியாகவே ஏறும், சீனி வருத்தக்காரருக்கு அவை பொதுவாகப் பொருந்தாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் டயபிற்றிஸ் நேர்ஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும், திடீரென்று நிறுத்தினால் சீனி கீழே விழக்கூடும். சிறுநீரக வருத்தம் முற்றியவர்களுக்குப் பொட்டாசியமும் பொஸ்பேட்டும் பார்க்க வேண்டும். இரத்தம் கட்டியாகாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இதில் இருக்கும் விற்றமின் கே காரணமாக, தொடங்கினாலும் நிறுத்தினாலும் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டுகிற ஐ.என்.ஆர். மாறலாம், கிளினிக்குக்கு அறிவியுங்கள். நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மிச்சம் இருக்கிற பல்லும் சொத்தையாகும். தைரொக்சின் குளிசையை இந்தப் பால் பானத்தோடு விழுங்கக் கூடாது.

விழுங்கச் சிரமம் இருந்து, தண்ணீரையே தடிப்பாக்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரணப் போத்தல் அவர்களுக்குப் பாதுகாப்பில்லாமல் இருக்கலாம், அவர்களுக்கென்று தடிப்பாகவே வருகிற வகைகள் இருக்கின்றன. விழுங்குவதைச் சோதிக்கிற ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்காமல் இதை மாற்றாதீர்கள்.

சரி, இனி நான் முக்கியமாக நினைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அம்மா ஏன் சாப்பிடவில்லை என்று இந்த இரண்டரை வருடத்தில் யாராவது கேட்டார்களா? போத்தல் ஒரு பதில் மாதிரித் தெரிவதால் அந்தக் கேள்வியே நின்றுவிடுகிறது. நான் வீட்டுக்குப் போனால் முதலில் பார்ப்பது வாயைத்தான். நிறை இறங்கியதும் பல்செட் பொருந்தாமல் போய், கடிக்க முடியாமல், "பசியில்லை" என்று சொல்லிவிடுவார்கள், பல் பிரச்சினை என்று சொல்லவே மாட்டார்கள். அடுத்தது மலச்சிக்கல். எலும்பு முறிந்தவர்களுக்கு வலிக்குக் கோடீன் கொடுப்பார்கள், அது மலத்தைக் கட்டும், ஐந்து நாள் போகாத வயிற்றுக்குப் பசி எங்கிருந்து வரும். இரும்புச்சத்துக் குளிசையும் அப்படித்தான். எலும்புக்குக் கிழமைக்கு ஒருமுறை கொடுக்கிற அலென்ட்ரோனிக் அசிட்டை வெறும் வயிற்றில் ஒரு கப் பச்சைத்தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் நிமிர்ந்து இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகி விழுங்கும்போது நோகும். சீனி வருத்தக் குளிசைகளில் மெட்ஃபோர்மின் வயிற்றைப் பிரட்டும். டப்பாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்றவை சிறுநீரில் சீனியை வெளியேற்றி நிறையையும் குறைக்கும், அதற்கு மேல் சாப்பாடும் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. நிறை இறங்குகிற ஒரு வயதானவரின் மருந்துப் பட்டியலில் இவற்றைக் கண்டால், போத்தல் எழுதுவதற்கு முன் அவை இன்னும் வேண்டுமா என்று ஜி.பி.யிடமோ சேர்ஜரியின் பார்மசிஸ்டிடமோ கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

காரணமே தெரியாமல் நிறை இறங்கினால் தைரொயிட், புற்றுநோய், மறதி நோயின் தொடக்கம் எல்லாவற்றையும் டொக்டர் யோசிக்க வேண்டும். போத்தலால் நிறையைத் தாங்கிப் பிடித்து வைத்திருப்பது இவற்றை மறைக்கவும் கூடும்.

பிறகு தனிமை. அப்பா போன பிறகு ஒருவருக்காக அடுப்பு மூட்ட மனமில்லாமல், பிளேன் டீயும் ரெண்டு பிஸ்கட்டுமாக நாளைக் கழிக்கிற அம்மாமார் லண்டன் முழுக்க இருக்கிறார்கள். பிள்ளைகள் ஃப்ரிட்ஜை நிரப்பிவிட்டு வேலைக்குப் போகிறார்கள், சாப்பாடு அப்படியே இருக்கிறது. மன அழுத்தம் என்ற சொல்லை அவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள், "சாப்பாடு இறங்குதில்லை" என்பார்கள். இதற்கு மருந்து போத்தலில் இல்லை. பகலில் கூடுகிற தமிழ் முதியோர் சங்கங்களில் மற்றவர்களோடு இருந்து சாப்பிடுகிற ஒரு மத்தியானம், நான் எழுதுகிற எந்தச் சீட்டையும் விட நன்றாக வேலை செய்து பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று எங்கள் ஆட்களுக்கே உரியது: கொலஸ்ட்ரோல் பயம். 55 வயதில் இருதய கிளினிக்கில் "கொழுப்பைக் குறையுங்கள்" என்று சொன்னதை 85 வயதில், 44 கிலோவில் நின்றுகொண்டும் கடைப்பிடிக்கிறார்கள். ஆடை நீக்கிய பால், எண்ணெய் இல்லாத கறி, முட்டையில் வெள்ளை மட்டும், தேங்காய்ப்பால் தொடுவதில்லை. அப்படி ஒரு சாப்பாட்டை ஒரு பக்கம் கொடுத்துக்கொண்டு மறுபக்கம் போத்தலில் கொழுப்பும் சீனியும் வாங்கி ஊற்றுகிறோம். நிறை இறங்கிக்கொண்டிருக்கிற காலத்துக்கு அந்தப் பழைய அறிவுரையைத் தள்ளி வையுங்கள். டொக்டரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இதையே சொல்வார்.

வீட்டில் செய்யக் கூடியது இது. நீலமூடி முழுக் கொழுப்புப் பால் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லிலீட்டர், அதில் நாலு மேசைக்கரண்டி ஆடை நீக்கிய பால்மா குவித்துப் போட்டுக் கரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அந்த ஒரு பைன்டில் 550 கலோரிக்கு மேல், 40 கிராமுக்குக் கிட்டப் புரதம், கலோரியில் இரண்டு போத்தலுக்குக் கொஞ்சம்தான் குறைவு, புரதத்தில் கூட. அன்றைய டீ, கோப்பி, நெஸ்டமோல்ட், ரவைக் கஞ்சி எல்லாம் அந்தப் பாலிலேயே போகட்டும், அளவு கூடாமல் சத்து கூடும். சோற்றுக்கு மேல் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும். இடியாப்பத்துக்குச் சொதி, அதுவும் முதல் பாலில் வைத்த சொதி, அதற்குள் ஒரு முட்டையை உடைத்து ஊற்றினால் கடிக்க முடியாதவர்களும் சாப்பிடுவார்கள். உளுத்தங்களி, நல்லெண்ணெயோடு, எங்கள் அம்மம்மாமார் பிள்ளை பெற்றவளுக்கும் எலும்பு முறிந்தவனுக்கும் கொடுத்தது சும்மா இல்லை. முட்டைமாவைப் பாலில் குழைத்துக் கொடுக்கலாம், எள்ளுருண்டையைப் பொடித்துக் கொடுக்கலாம், கச்சான் பட்டரைப் பாணில் தடவலாம். சீனி வருத்தம் இருந்தால் சீனி, தேன், ஜாம் பக்கம் போகாமல் கொழுப்பாலும் புரதத்தாலும் கூட்டுங்கள். பெரிய கோப்பையை முன்னால் வைத்தாலே சிலருக்கு மனம் சோர்ந்துவிடும், சின்னக் கோப்பையில் ஐந்தாறு தடவையாகக் கொடுங்கள். தூளைப் பாலில் கரைத்தால் வயிறு ஊதுகிறது, பேதியாகிறது என்றால் பாலில் இயற்கையாக இருக்கும் சீனியான லக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், எங்கள் ஆட்களில் அது அரிது இல்லை. ரெடியாக வருகிற பால் வகைப் போத்தல்களில் பெரும்பாலானவற்றில் லக்டோஸ் மிகக் குறைவு. தூளுக்கு மாற்றச் சொன்னபோது இதைச் சொன்னால் சேர்ஜரி கேட்கும்.

விரதத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை என்பது பிரச்சினையே இல்லை, பருப்பும் பாலும் தயிரும் இருக்கிறது. கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பேன் என்று, 45 கிலோவுக்கு இறங்கிய ஒருவர் அடம்பிடித்தால் அங்கே குடும்பம் தலையிடத்தான் வேண்டும். ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லி அவரைக் கொண்டு "வருத்தக்காரருக்கு விதிவிலக்கு உண்டு, அம்மா" என்று சொல்ல வைத்தால் டயட்டீஷியன் சொல்வதை விட எடுபடும்.

போத்தல் தேவைப்படுகிற காலத்தில் அதைக் குடிக்கிற முறையும் முக்கியம். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காதீர்கள், சாப்பாட்டுக்குப் பதிலாகவும் கொடுக்காதீர்கள். காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒன்று, இரவு படுக்க முன் ஒன்று. குளிரக் குளிரக் குடித்தால் அந்த மருந்து வாசம் குறையும். திறந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சுவையில்லாத 'நியூட்ரல்' வகை கிடைத்தால் கஞ்சியிலோ கோப்பியிலோ கொதிக்க விடாமல் கலக்கலாம், எந்நேரமும் வனிலா, ஸ்ட்ரோபெரி என்று குடித்து அலுத்தவர்களுக்கு இது உதவும். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபிக்க வேண்டாம்: அம்மா உண்மையில் இரண்டும் குடிக்கிறாரா? கட்டிலுக்குக் கீழே பெட்டி பெட்டியாக இருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் மில்க்ஷேக் என்று குடிக்கிற வீடுகளையும். முடக்குவாதக் கையால் அந்த மூடியைத் திறக்க முடியாமல், யாரையும் கேட்கவும் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. மிஞ்சியதைப் பார்மசி திரும்ப எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுக்க முடியாது, எல்லாம் குப்பைக்குத்தான். எண்ணிப் பாருங்கள், பிறகு உண்மையைச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் நாங்கள் முடிவெடுக்க முடியும்.

வருடக்கணக்கில் இது தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் இந்தப் பதிலைப் படித்துப் பயப்பட வேண்டாம். குடலின் பெரும்பகுதியை இழந்தவர்கள், இரைப்பை எடுக்கப்பட்டவர்கள், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்து விழுங்க முடியாமல் போனவர்கள், குரோன்ஸ் என்கிற குடல் அழற்சி நோயாளிகள், தசைகளைத் தளரச் செய்கிற நரம்பு நோய்க்காரர்கள். அவர்களுக்கு ஒரு டயட்டீஷியன் குழு இருக்க வேண்டும், நிறை தொடர்ந்து எழுதப்பட வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்கும் இதே மாதிரி மெசேஜ் வந்தால் அன்றைக்கே திரும்ப அழைத்துக் கேட்கலாம்.

மறதி நோய் முற்றிய நிலையில், அல்லது இனிக் கொஞ்சக் காலம்தான் என்று சொல்லப்பட்டவர்களில், இது வேறு கதை. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி போவது நோயின் பகுதி. அப்போது கலோரி கணக்குப் பார்த்து வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றுவது அவருக்குக் கஷ்டம், புரையேறி நெஞ்சுக்குள் போகவும் கூடும். பட்டினி போட்டுவிட்டோம் என்று ஊர் சொல்லுமே என்று பிள்ளைகள் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் பட்டினி போடவில்லை. அவர் கேட்கிறதை, ஒரு கரண்டி பாயாசமோ ஒரு வாய் கோப்பியோ, விரும்புகிற அளவு கொடுங்கள், உதட்டை ஈரமாக வையுங்கள். போத்தலை நிறுத்துவதால் அவர் நாட்கள் குறையப் போவதில்லை.

இனி உங்கள் அம்மாவுக்கு வருவோம். சேர்ஜரிக்கு ஃபோன் பண்ணி "நிறுத்தாதீர்கள்" என்று தொடங்காமல், "நிறுத்துவதற்கு முன் அம்மாவின் நிறையை எடுத்து மஸ்ட் கணக்குப் பார்த்தீர்களா, இலக்கு என்ன என்று ஃபைலில் இருக்கிறதா, டயட்டீஷியன் பார்ப்பாரா" என்று கேளுங்கள். பல சேர்ஜரிகள் கூட்டாக வைத்திருக்கும் டயட்டீஷியன்களும் பார்மசிஸ்டுகளும் இப்போது நிறைய இடங்களில் இருக்கிறார்கள், இல்லையென்றால் ஜி.பி. வழியாக அனுப்பச் சொல்லலாம். வீட்டில் எடுத்த நிறையையும் பழைய எண்களையும் கையில் வைத்திருங்கள், ஒரே தராசு, ஒரே நேரம், சப்பாத்து இல்லாமல். மூன்று நாளைக்கு அம்மா சாப்பிட்டதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அரைக் கோப்பை சோறு, மூன்று வாய் மீன் என்று உள்ளபடி.

நிறை திரும்பி வந்து, மூன்று மாதமாக நிலையாக இருந்து, ஓரளவு சாப்பிடுகிறார் என்றால் நிறுத்த நான் முழு மனதோடு சம்மதிப்பேன். இரண்டை ஒன்றாக்கி இரண்டு கிழமை, அந்த இடத்துக்குச் சத்துக் கூட்டிய பால், பிறகு நிறுத்துங்கள். நிறுத்தும்போது விற்றமின்களும் நிற்கின்றன என்பதை மறக்காதீர்கள், சாப்பாடு இன்னும் கொஞ்சம்தான் என்றால் ஒரு மல்ற்றிவிற்றமின் குளிசை போதும். விற்றமின் டி 10 மைக்ரோகிராம் எங்கள் தோல் நிறத்துக்கு இந்த நாட்டில் வருடம் முழுக்கத் தேவை, எலும்பு முறிந்தவருக்கு டொக்டர் ஏற்கெனவே கல்சியத்தோடு எழுதியிருப்பார், பார்த்து விட்டு வாங்குங்கள். கூடவே கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருக்கிற பயிற்சியை பிஸியோவிடம் கேட்டு நாள் தவறாமல் செய்யுங்கள், அசைவில்லாமல் ஏறுகிற நிறையில் பெரும்பகுதி கொழுப்புத்தான், விழாமல் காப்பது தசை.

நிறுத்திய பிறகு ஒரு மாதத்தில் நிறுங்கள், மூன்றாம் மாதத்தில் திரும்ப. 53 கிலோ ஆள் 50க்கு வந்துவிட்டால் ஐந்து சதவீதத்துக்கு மேல் போய்விட்டது, காத்திருக்காமல் அழையுங்கள், திரும்பத் தொடங்கக் கேட்பதற்கு அந்த எண் போதும். நிறை ஏறவே இல்லை, இரண்டரை வருடமாகக் குடித்தும் 46இலேயே நிற்கிறது அல்லது இன்னும் இறங்குகிறது என்றால், போத்தலைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு ஜி.பி.யை நேரில் பார்க்க நேரம் எடுங்கள், ஃபோனில் முடிக்க விடாதீர்கள். விழுங்கும்போது இருமல், தொண்டையில் சிக்குதல், கறுப்பு மலம், தொடர்ந்து வாந்தி, இரண்டு மூன்று நாளாக ஒன்றுமே உள்ளே போகாமை, இவற்றில் எது இருந்தாலும் அதே நாளில் அழையுங்கள், சேர்ஜரி பூட்டியிருந்தால் என்.எச்.எஸ். உதவி எண் 111. ஐந்து நாளுக்கு மேல் சரியாகச் சாப்பிடாத ஒருவருக்கு வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் போத்தல்களைத் திடீரென்று வரிசையாகக் கொடுத்துவிடாதீர்கள், இரத்தத்தில் பொஸ்பேட், பொட்டாசியம் சட்டென்று இறங்கி ஆபத்தாகலாம், அதற்கு முதலில் இரத்தப் பரிசோதனை வேண்டும்.

அம்மாவின் உயரம், மூன்று நிறை, மருந்துப் பட்டியல் ஆகியவற்றைப் பெயர் விலாசம் போடாமல் கீழே எழுதினால் மஸ்ட் கணக்கை நான் போட்டுத் தருகிறேன், அதைச் சேர்ஜரியில் காட்டலாம்.